வெள்ளி அடைத்த பல்லை எப்போது மாற்றுவது?



இந்த இதழில் திராட்சைப் பழரசம் போட்டு வைக்கும் முறையை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எங்கள் ஓடைப்பட்டியில் விதையில்லாத் திராட்சைக்குப் பஞ்சமில்லை. ஆனால் பதினைந்து நாளாக எங்கள் வீட்டில் ஒரே பல் பேச்சாக இருக்கிறது. அதனால் பழரசம் அடுத்த முறை. இந்த முறை வேறொரு ரசம், பாதரசம்.

என் மூத்த மகளுக்கு இது ஆறாவது மாதம். திருப்பூரில் வாழ்க்கைப்பட்டவள், பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தாள். வந்த நாளிலிருந்து முகம் சரியில்லை. சாப்பாடு இறங்கவில்லை. மசக்கைதான் முடிந்துவிட்டதே, இன்னும் என்ன என்று நான் யோசித்தேன். மூன்றாம் நாள் ராத்திரி, "அம்மா, என் பல்லுல இருக்கிறது விஷமாம்மா?" என்று கேட்டு அழுதுவிட்டாள்.

விஷயம் இதுதான். அவளுக்குப் பன்னிரண்டு வயதில் கடைவாய்ப் பல் மூன்றில் சொத்தை. மூன்றையும் வெள்ளி வைத்து அடைத்தோம். இப்போது கறுத்துக் கிடக்கிறது. அதைப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மாள், "அதுல பாதரசம் இருக்கு, வயித்துப் பிள்ளைக்கு இறங்கிரும், உடனே எடுத்துரு" என்று சொல்லியிருக்கிறார். இவள் பயந்துபோய் ஓர் இடத்தில் காட்டியிருக்கிறாள். அங்கேயும், "மூன்றையும் பிரசவத்துக்கு முன்னாலேயே எடுத்துவிடலாம்" என்று ஒரு தொகை சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பணத்துக்கு ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு எடுக்கலாம்!

பணம் போகட்டும். பாதரசம் என்ற வார்த்தை என் வயிற்றையும் கலக்கிவிட்டது. நம் பக்கத்து ஜனங்களுக்கு அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. மேலே கொடைக்கானலில் 1980-களில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் செய்கிற தொழிற்சாலை ஒன்று வந்தது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய சாமான் கடையில் கிடப்பதை ஜனங்கள் கண்டுபிடித்து, 2001-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த 591 பேருக்கு 2016-ல்தான் சமரசம் ஏற்பட்டு நஷ்டஈடு கிடைத்தது. இதையெல்லாம் பேப்பரில் படித்தவள் நான். மகளுக்குத் தைரியம் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் காலையிலேயே இருவரும் சின்னமனூருக்குப் பஸ் ஏறினோம். அங்கே எங்களுக்குப் பழக்கமான பல் டாக்டரம்மா இருக்கிறார். நாற்காலியில் சாய வைத்து, விளக்கைத் திருப்பி, சின்னக் கண்ணாடியை வாயில் விட்டு, ஊசி முனையால் அடைப்பின் ஓரத்தை ஒவ்வொரு பல்லாக வருடிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "மூணும் கல்லு மாதிரி இருக்கு. எதையும் தொட வேண்டாம். ஆனா ஈறு வீங்கி ரத்தம் வருதே, அதை ஏன் யாரும் கவனிக்கலை?"

பாருங்கள் கூத்தை! கவலைப்பட்டதெல்லாம் கறுத்த பல்லுக்கு. கவனிக்க வேண்டியது ஈறு. கர்ப்ப காலத்தில் ஈறு சீக்கிரம் வீங்குமாம், பல் தேய்த்தாலே ரத்தம் கசியுமாம். அன்றைக்கே பல்லைச் சுத்தம் செய்துவிட்டார். கர்ப்பிணிகள் தாராளமாகச் செய்துகொள்ளலாம் என்றார்.

நான் விடவில்லை. "பாதரசம் இருக்கிறதா இல்லையா, அதைச் சொல்லுங்கள்" என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னதை அப்படியே உங்களுக்கு எழுதுகிறேன்.

இருக்கிறது. வெள்ளி அடைப்பு என்று நாம் சொன்னாலும் அதில் எடைக்குப் பாதி பாதரசம்தான். மீதிப் பாதியில் வெள்ளி, வெள்ளீயம், செம்பு. வெள்ளித்தூளோடு ரசம் சேரும்போது முதலில் வெண்ணெய் மாதிரி குழைந்து இருக்கும். குழியில் வைத்து அழுத்தினால் சில நிமிஷத்தில் இறுகத் தொடங்கி, ஒரு நாளில் கல்லாகிவிடும். அமால்கம் என்று பெயர். நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக உலகமெல்லாம் இதை வைத்துத்தான் பல் அடைத்து வந்திருக்கிறார்கள்.

ரசம் ஒரு உலோகத்தோடு சேர்வது நமக்குப் புதிதில்லை. அந்தக் காலத்து நிலைக்கண்ணாடிக்குப் பின்னால் பூசியிருந்தது வெள்ளீயமும் ரசமும் சேர்ந்த பூச்சு. இன்றைக்கும் கண்ணாடி மங்கினால் "ரசம் போய்விட்டது" என்றுதானே சொல்கிறோம்? தெர்மாமீட்டர் உடைந்து சிந்திய ரசத்தைக் கையால் அள்ளி, தங்க மோதிரம் வெளுத்துப் போன கதையும் பல வீடுகளில் உண்டு. தங்கத்தோடும் அது அப்படி ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் சிந்தி ஓடுகிற ரசம் வேறு, மற்ற உலோகத்தோடு இறுகிப்போன ரசம் வேறு. சிந்திய ரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவியை நாள்கணக்கில் மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து. ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் நடந்தது இன்னொரு விதம். தொழிற்சாலைக் கழிவு கடலில் கலந்து, ரசம் வேறொரு கொடிய உருவில் மீனுக்குள் ஏறி, அந்த மீனைத் தின்றவர்களுக்கு நரம்பு நோய் வந்தது. அந்த நோயை 1956-ல் கண்டுபிடித்தார்கள். பல்லில் இறுகிய அடைப்பிலிருந்து வருவது மிகமிகக் கொஞ்சம் ஆவிதான். மெல்லும்போதும், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்களுக்கும் சற்றுக் கூடும்.

இனிமேல் டாக்டரம்மா சொன்னதுதான் முக்கியம். "அதிகமா ஆவி கிளம்புறது எப்போ தெரியுமா? வைக்கிறப்பவும், எந்திரத்தால குடைஞ்சு எடுக்கிறப்பவும்தான். விஷம் விஷம்னு பயந்து, நல்லா இருக்கிற அடைப்பை மாசமா இருக்கிற பொண்ணுக்குக் குடைஞ்சா, இல்லாத ஆவியை நாமே கிளப்பி விட்ட மாதிரி ஆயிரும்" என்றார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பெருமூச்சு விட்டேன்.

அவர் சொந்தமாகச் சொல்லவில்லை. அமெரிக்க உணவு, மருந்துத் துறை 2020 செப்டம்பரில் இதையேதான் சொல்லியிருக்கிறது. கர்ப்பிணிகள், கர்ப்பம் தரிக்க இருப்பவர்கள், பால் கொடுக்கும் தாய்மார்கள், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள், சிறுநீரகக் கோளாறோ நரம்பு நோயோ உள்ளவர்கள் முதலியோருக்கு முடிந்தவரை புதிதாக இந்த அடைப்பை வைக்க வேண்டாம். ஏற்கெனவே வைத்தது நன்றாக இருந்தால், மருத்துவக் காரணம் இல்லாமல் எடுக்கவும் வேண்டாம். இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் காதில் முதல் பாதி மட்டும் விழுந்திருக்கிறது போலும்.

சகோதரிகளே, இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் வெள்ளி அடைப்பை எப்போதுமே தொட வேண்டாம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தத் தப்பைச் செய்தவள் நான்.

1996-ல் நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது எனக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லை அடைத்தார்கள். அந்த டாக்டர் சிறிய கண்ணாடி உரலில் தூளையும் ரசத்தையும் விட்டு அரைத்து, துணியில் வைத்துப் பிழிந்து, கிறீச் கிறீச்சென்று என் பல்லுக்குள் அழுத்தியது இன்னும் காதில் இருக்கிறது. இருபத்தைந்து வருஷம் அந்தப் பல் எனக்கு உழைத்தது. 2021-ல் ஆவக்காய் ஊறுகாயைக் கடித்தபோது மாங்கொட்டை ஓடு பட்டு நறுக்கென்றது. அடைப்பின் ஓரத்தில் ஒரு துண்டு பெயர்ந்து வந்துவிட்டது.

வலி இல்லை. அதனால் அலட்சியம். கீரை நார் மாட்டும், ஊக்கால் குத்தி எடுப்பேன். பல் டாக்டரிடம் போகலாம் என்றால் வீட்டுக்காரருக்கு அப்போது திராட்சை வெட்டு நேரம். அப்புறம் மழை. அப்புறம் சின்னவனின் பள்ளிக்கூடச் செலவு. நம் பல்லுக்குத்தான் வீட்டில் கடைசி வரிசை! குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்றது. அந்தப் பக்கம் மெல்லுவதை விட்டுவிட்டு, மறு பக்கத்தால் மென்றேன். ஒன்றரை வருஷம் கழித்து ஒரு ராத்திரி தாடை வீங்கி, கண்ணை மூட முடியவில்லை. போய்ப் பார்த்தால் அடைப்புக்கு அடியில் சொத்தை பரவி, பல் ஈறுக்குக் கீழே வரை பிளந்திருந்தது. வேர் சிகிச்சை செய்யக்கூட வழியில்லை. பிடுங்கித்தான் போட்டார்கள்.

துண்டு பெயர்ந்த அந்த வாரமே போயிருந்தால் ஒரே நாளில் வேறு அடைப்பு வைத்து அனுப்பியிருப்பார்கள். இப்போது அந்த இடம் ஓட்டை. பக்கத்துப் பல் அந்தப் பக்கம் சாய்கிறது, மேல் பல் கீழே இறங்குகிறது.

ஒரே வீட்டில் இரண்டு பேர். நன்றாக இருந்த அடைப்பைப் பிடுங்கப் பார்த்தாள் மகள். கெட்டுப்போன அடைப்பை விட்டுவைத்தாள் தாய். இரண்டு பேருமே பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. டாக்டரம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "தண்ணித் தொட்டி பழசாயிருச்சுன்னு யாரும் இடிக்கிறதில்லை. கசிஞ்சாத்தான் வேலை. அடைப்பும் அப்படித்தான். நிறத்தைப் பாக்காதீங்க, வயசைப் பாக்காதீங்க. ஓரத்தைப் பாருங்க."

ஓரம் இறுக்கமாக இருக்கிறவரை எச்சிலும் கிருமியும் உள்ளே போகாது. ஓரம் விட்டால் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் சொத்தை பிடிக்கும். நான் குறித்துக்கொண்டு வந்த அடையாளங்கள் இவை:

1. நாக்கால் தடவினால் ஓரம் சொரசொரப்பாகவோ பள்ளமாகவோ படுவது.

2. தினமும் ஒரே இடத்தில் உணவு மாட்டுவது, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூல் அங்கே மட்டும் பிய்ந்து வருவது.

3. கடிக்கும்போதோ, கடித்ததை விடும்போதோ ஒரு சுண்டு வலி. பல்லில் விரிசல் இருக்கலாம்.

4. சூடோ குளிர்ச்சியோ பட்டால் கூசி, அந்தக் கூச்சம் சீக்கிரம் அடங்காமல் நிற்பது.

5. அடைப்பு ஆடுவது, துண்டு பெயர்வது.

6. அடைப்பை ஒட்டிப் பல் புதிதாகக் கறுத்து நிழல் விழுவது, வாயில் கெட்ட வாடை, ஈறில் கொப்புளம்.

இதில் ஒன்று இருந்தாலும் போய்க் காட்டுங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவை காட்டுவது நல்லது. சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே எடுத்து அடியில் சொத்தை உண்டா என்று பார்ப்பார்கள். கறுத்திருக்கிறது என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டாம், வெள்ளி கறுப்பது இயல்பு. இத்தனை வருஷமாகிவிட்டதே என்றும் மாற்ற வேண்டாம். பத்துப் பதினைந்து வருஷம் சாதாரணமாக வரும், என்னுடையது போல அதைத் தாண்டுவதும் உண்டு. ஒவ்வொரு முறை எடுத்து வைக்கும்போதும் நல்ல பல்லும் கொஞ்சம் சேர்ந்து போகும். குழி பெரிதாகிப் பெரிதாகி, வேர் சிகிச்சை, மேலே தொப்பி என்று செலவு வளரும்.

ஒரு சிறு துண்டு பெயர்ந்து சோற்றோடு வயிற்றுக்குள் போய்விட்டால் பதற வேண்டாம். இறுகிய துண்டு உடம்பில் அவ்வளவாகச் சேராது, மலத்தோடு போய்விடும். சாக்லேட் சுற்றிய ஜிகினாத் தாள் வெள்ளிப் பல்லில் பட்டால் சுரீர் என்று மின்சாரம் பாய்ந்த மாதிரி இருக்கும். இரண்டு உலோகமும் எச்சிலும் சேர்ந்து செய்கிற குறும்பு அது, பயமில்லை.

மாற்றத்தான் வேண்டும் என்றால், டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். நாம் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முதலாவது, எப்படி எடுப்பார்கள் என்பது. பல்லைச் சுற்றி ரப்பர் திரை மாட்டி, தண்ணீரைப் பீய்ச்சியபடி, பக்கத்திலேயே உறிஞ்சுகுழாய் வைத்து, தூளாகக் குடையாமல் பெரிய துண்டுகளாக எடுத்தால் ஆவி குறையும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் அவசரம் இல்லையென்றால் தள்ளிப் போடலாம். ஆனால் வலி, வீக்கம் என்றால் தள்ளிப் போடக் கூடாது. கர்ப்பம் என்பதைச் சொல்லிவிட்டால் அதற்குத் தக்கபடி வைத்தியம் செய்வார்கள். சீழைப் பொறுத்துக்கொண்டு கிடப்பது தாய்க்கும் நல்லதல்ல, பிள்ளைக்கும் நல்லதல்ல.

இரண்டாவது, பதிலுக்கு எதை வைப்பார்கள் என்பது. பல் நிறத்திலேயே இருக்கிற கம்போசிட் என்ற பசையை வைத்து, நீல விளக்கு காட்டி உடனே இறுக வைக்கிறார்கள். பார்க்க அழகு, குழியையும் பெரிதாகக் குடைய வேண்டியதில்லை. ஆனால் வைக்கும்போது ஈரம் படக் கூடாது, நேரமும் ஆகும், செலவும் கூடுதல். கடைவாய்ப் பல்லில் பெரிய குழியாக இருந்தால் வெள்ளி அளவுக்கு நாள் வராமலும் போகலாம். கிளாஸ் அயனோமர் என்று ஒரு சிமெண்டும் உண்டு. குழந்தைகளின் பால் பல்லுக்கு அதை அதிகம் வைக்கிறார்கள். குழி மிகப் பெரிதென்றால் தொப்பி போடுவது மேல். எந்தப் பல், எவ்வளவு குழி என்பதைப் பொறுத்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கைக்காசு இல்லை என்று என்னைப் போல ஒத்திப் போடாதீர்கள். நம் மாவட்டத்தில் க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. மற்ற ஊர்ச் சகோதரிகளும் பக்கத்து அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள்.

இனி வருகிற பிள்ளைகளின் காலத்தில் இந்தக் கவலையே இருக்காது போலிருக்கிறது. அந்த ஜப்பான் ஊரின் பெயரிலேயே 2013-ல் பாதரசத்துக்கு எதிராக நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. நம் நாடும் 2018-ல் அதை ஏற்றது. பால் பற்களுக்கும், பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுப்பவர்களுக்கும் டாக்டர் அவசியம் என்று கருதினால் ஒழிய வெள்ளி அடைப்பு வேண்டாம் என்று 2022-ல் முடிவானது. ஐரோப்பிய நாடுகள் 2025 ஜனவரி முதல் அநேகமாக நிறுத்திவிட்டன. 2025 நவம்பரில் ஜெனிவாவில் கூடியபோது, 2034-க்குள் எல்லா நாடுகளிலும் இதை விட்டுவிடுவதென்று தீர்மானித்திருக்கிறார்கள். வாயில் இருக்கிற அடைப்பை எல்லாரும் பிடுங்க வேண்டும் என்பதல்ல இதன் அர்த்தம். பாதரசத்தைத் தோண்டி எடுத்து, கையாண்டு, கடைசியில் சாக்கடையிலும் மண்ணிலும் கலக்கவிடுவதை நிறுத்துவதுதான் நோக்கம். கொடைக்கானலுக்குக் கீழே இருக்கிற நமக்கு அதன் அருமை தெரியாதா?

வீட்டுக் குறிப்பாக இன்னும் கொஞ்சம். புதிதாக வெள்ளி அடைத்தால் ஒரு நாள் அந்தப் பக்கம் மெல்லக் கூடாது. சோடா மூடி, ஊக்கு, நூல் எதையும் பல்லால் கடிக்காதீர்கள். புளியங்கொட்டை, கொட்டைப்பாக்கு, கரும்புக் கணு எல்லாம் அடைத்த பல்லுக்கு எமன். ராத்திரி வலித்தால் கிராம்பை நசுக்கிப் பஞ்சில் வைத்துக் கடிக்கலாம். அது விடியும்வரை தாங்கத்தான், வைத்தியம் ஆகாது. வலி மாத்திரையைப் பொடித்து ஈறில் வைக்கவே வைக்காதீர்கள், வெந்து புண்ணாகிவிடும். ராத்திரிப் பாலும் பிஸ்கட்டும் கொடுத்தபின் குழந்தையை வாய் கொப்பளிக்க வைத்து, பல் தேய்த்துவிட்டுப் படுக்கப் போடுங்கள். சொத்தையே வராவிட்டால் வெள்ளி எதற்கு, கம்போசிட் எதற்கு?

மகள் திருப்பூருக்குத் திரும்பிவிட்டாள். நேற்று போனில், "அம்மா, நல்லாச் சாப்பிடுறேன், ஈறுல ரத்தம் நின்னுருச்சு" என்றாள். அடுத்த மாதம் வளைகாப்பு. அதற்குள் எனக்கும் ஒரு வேலை இருக்கிறது. அன்றைக்கு மகளைப் பார்த்து முடித்தபின் டாக்டரம்மா என்னையும் நாற்காலியில் உட்காரச் சொன்னார். மேல் கடைவாயில் எனக்கு இன்னொரு பழைய வெள்ளி இருக்கிறது. ஊசி முனை அதன் ஓரத்தில் மாட்டி நின்றது. "இதை விட்டுறாதீங்கக்கா" என்றார்.

வருகிற வியாழக்கிழமை போகிறேன். திராட்சை வெட்டு இருந்தாலும் போகிறேன்.

நீங்களும் இன்று ராத்திரி பல் தேய்த்தபின் நாக்கால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். எங்காவது ஓரம் தட்டுகிறதா?

அடுத்த இதழில் திராட்சைப் பழரசத்தோடு சந்திக்கிறேன்.